பால் பாக்கெட்டில் ஒரு மாமனிதர்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர், விழிதியூர்)



ஆண்டு மலருக்கு மாமேதை ஒருவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று பேரவையில் கேட்டபோது, அப்துல் கலாம், விசுவேசுவரய்யா, எடிசன் மூவரையும் மற்ற நண்பர்கள் முந்திக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் எழுத நினைத்தவரின் பெயர் தினமும் விடியற்காலையில் நம் எல்லார் வீட்டு வாசலுக்கும் வருகிறது. பால் பாக்கெட்டில் பாஸ்ச்சரைஸ்டு மில்க் என்று அச்சடித்திருக்கிறதே, அந்தச் சொல்லுக்குள்ளே உட்கார்ந்திருக்கும் லூயி பாஸ்டர்தான் அவர்.

அறிவியல் ஆர்வத்தால் அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் செய்த ஒரு தப்புதான் என்னை அவரிடம் கொண்டுபோய் விட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் முன்பு இரண்டு பசு மாடுகள் இருந்தன. நான் டிப்ளமோ சேர்ந்த வருடம் ஒன்று போயிற்று, அடுத்த வருடம் இன்னொன்று. எதற்கு விற்றார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை, நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். அதற்குப் பிறகு பாக்கெட் பால். தவணையில் ஒரு ஃபிரிட்ஜும் வந்தது. பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் படிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்தன்தான் என்பதால், பால் விஷயத்தில் நான்தான் அதிகாரி. நாள் முழுக்க மாட்டோடு இருந்த அம்மாவுக்கு அந்தப் பதவி போய்விட்டது.

போன கார்த்திகை அடைமழையில் ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. மறுநாள் காலை எட்டு மணிக்கும் வரவில்லை. அக்கா பையன், இரண்டு வயசு, பாலுக்கு அழுதுகொண்டிருந்தான். ஃபிரிட்ஜிலிருந்து பாக்கெட்டை எடுத்து மூலையைக் கத்தரித்தேன். அம்மா வாங்கி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, எனக்குத் திருப்தியா இல்லை, கரண்டியிலே கொஞ்சம் காய்ச்சிப் பாரு, திரியுதா இல்லையான்னு தெரிஞ்சுடும் என்று சொன்னாங்க. சொல்லிவிட்டு, வாசலில் தேங்கிய தண்ணியை வெட்டிவிடப் போயிட்டாங்க. நான் தேதியைப் பார்த்தேன். மறுநாள் வரை இருந்தது. கூடவே பாஸ்ச்சரைஸ்டு என்றும் போட்டிருந்தது. ஏற்கெனவே காய்ச்சிச் சுத்தம் செய்த பாலை இவங்க எதுக்கு மறுபடியும் காய்ச்சச் சொல்றாங்க என்று எனக்குள்ளே ஒரு சிரிப்பு. பாக்கெட்டை வெந்நீரில் போட்டு, வெதுவெதுப்பாக்கி, சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் பையனுக்கு வாந்தி, பேதி. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப் ஏற்றினார்கள். இரண்டு நாள். பாலால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, மழைக்காலத்தில் தண்ணியாலும் வரும் என்று டாக்டர் சொன்னார். அவர் நியாயமாகத்தான் சொன்னார். ஆனால் மோந்து பார்த்த அம்மா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையன் தேறி வீட்டுக்கு வந்ததும் நம்ம நூலகத்துக்குப் போனேன். தேதியும் இருக்கிறது, இந்தப் பெயரும் இருக்கிறது, அப்புறம் எப்படிக் கெட்டது? யார் இந்த ஆள்?

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27, பிரான்சில் டோல் என்ற சிற்றூர். வளர்ந்தது அர்புவா என்ற ஊரில். இறந்தது 1895 செப்டம்பர் 28. இந்த 72 வருடமும் நம் காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழேதான் இருந்தது. நெப்போலியன் காலத்துச் சண்டையில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காரைக்காலை 1817இல் பிரான்சிடம் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சிதான். நம்ம பாண்லே பாலின் பெயரில் இருக்கும் லே என்பதுகூட பிரெஞ்சு மொழியில் பால் என்று அர்த்தம். அந்த நெப்போலியன் படையில் சார்ஜென்ட் மேஜராக இருந்து ஊர் திரும்பியவர்தான் பாஸ்டரின் அப்பா. தொழில் தோல் பதனிடுவது. கொள்ளுத் தாத்தா ஒரு பிரபுவின் கீழ் பண்ணையடிமையாக இருந்து, காசு கொடுத்துத் தன் விடுதலையை வாங்கியவர். பண்ணையாள் என்றால் என்ன என்று நம் டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றே தலைமுறையில் அந்தக் குடும்பம் எங்கே போய் நின்றது என்பதை இதைப் படிக்கும்போது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயசில் அவர் படிப்பில் புலி ஒன்றும் இல்லை. படம் வரைவதில் கெட்டிக்காரர். அம்மா, அப்பா, அண்டை வீட்டுக்காரர்கள் என்று அவர் வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் இருக்கின்றன. 1838இல், பதினைந்து வயசில், பாரிசுக்குப் படிக்க அனுப்பினார்கள். ஹாஸ்டல் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டு ஞாபகம் வந்து சுருண்டு படுத்துவிட்டார். அப்பாவின் தோல் பட்டறை வாசனையை ஒரு தடவை மோந்தால் சரியாகிவிடும் என்று கூட இருந்தவனிடம் சொன்னாராம். கடைசியில் அப்பாவே போய்க் கூட்டிவந்துவிட்டார். நம்ம ஹாஸ்டலில் முதல் மாசமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடின நண்பர்கள் (பெயர் சொல்ல மாட்டேன்) தலைகுனிய வேண்டாம்.

இன்னொரு ஆறுதல். 1842இல் அவர் எழுதிய பட்டத் தேர்வில் வேதியியலில் கிடைத்த மதிப்பீடு சுமார் என்பதுதான். அதே வருடம் பாரிசில் பெரிய கல்லூரியான எகோல் நோர்மால் நுழைவுத் தேர்வில் தேறினார். ஆனால் கிடைத்த ரேங்க் பிடிக்கவில்லை என்று சேராமல், மறுவருடம் திரும்ப எழுதி, மேலே வந்து சேர்ந்தார். அரியர் வைத்தவர்கள் எழுதுவது வேறு, பாஸான பரீட்சையைத் திரும்ப எழுதுவது வேறு!

முதல் பெரிய கண்டுபிடிப்பு 1848இல், 25 வயசில். ஒயின் பீப்பாயில் படியும் டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களைப் பார்த்து, வலது கை இடது கை போல இரண்டு வகை இருக்கிறது என்று கண்டு, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். அது வேதியியலில் பெரிய கதை. நமக்குப் பாலுக்குப் போக வேண்டும். 1849இல் மரி லோரான் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவர் கடைசி வரை கணவரின் ஆராய்ச்சிக் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர்.

1854இல் லீல் என்ற தொழில் நகரத்தில் அறிவியல் புலத்துக்குத் தலைவராகப் போனார். வயசு 31. அங்கே நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம். நம்மைப் போல தொழிற்படிப்பு படிக்கும் பையன்களைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் காட்டுவாராம். இன்டஸ்ட்ரியல் விசிட்! 1856இல் அவருடைய மாணவன் ஒருவனின் அப்பா, பிகோ என்பவர், பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைக்காரர், ஒரு பிரச்சினையோடு வந்தார். சில தொட்டிகளில் சாராயம் ஒழுங்காக வருகிறது. சில தொட்டிகள் புளித்து நாறிவிடுகின்றன. சரக்கும் ஒன்று, ஆளும் ஒன்று, செய்முறையும் ஒன்று. ஏன்?

கெட்ட தொட்டி எது என்று ஆலை ஆட்களுக்கு மூக்கே சொல்லிவிடும். அதற்குப் பாஸ்டர் தேவையில்லை. காரணம்தான் யாருக்கும் தெரியாது. பாஸ்டர் ஒரு சாதாரண மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு இரண்டு தொட்டியிலிருந்தும் சொட்டு எடுத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். புளித்த தொட்டியில் அதைவிட மிகச் சின்னதாகக் குச்சி குச்சியாக வேறு ஏதோ, கூட்டம் கூட்டமாக. அந்தக் காலத்தில் லீபிக் போன்ற பெரிய ஜெர்மன் வேதியியல் அறிஞர்கள், புளிப்பது என்பது பொருள் தானாகச் சிதைவது, அதில் உயிருக்கு வேலையில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் அதை ஏற்கவில்லை. சாராயத்தில் பார்த்ததை உறுதி செய்ய அவர் கையில் எடுத்த பொருள்தான் புளித்த பால்.

பால் புளிக்கும்போது அடியில் படியும் வண்டலுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் தெரியும். பார்த்தால் தூசி மாதிரி இருக்கும், யாரும் கண்டுகொண்டதில்லை. அதில் துளியூண்டு எடுத்து, சர்க்கரையும் ஈஸ்ட் வேகவைத்த சாறும் சுண்ணாம்புத் தூளும் கலந்த புதுக் கரைசலில் போட்டார். மறுநாள் அதுவும் புளிக்க ஆரம்பித்தது, அதே சாம்பல் படலம் அதிலும் பெருகியது. அதிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் அதுவும். பெருகுகிறது என்றால் உயிர் இருக்கிறது. 1857 ஆகஸ்டில் லீல் நகர அறிவியல் சங்கத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார். இன்று நாம் படிக்கும் நுண்ணுயிரியலின் ஆரம்பப் பக்கங்களில் அது ஒன்று.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பாயி ஞாபகம் வந்தது. ராத்திரி காய்ச்சின பால் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், ஒரு சின்னக் கரண்டி பழைய மோரை விட்டு மூடி வைப்பாங்க. விடிந்தால் தயிர். உறை இல்லாத அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் எடுத்துக்கொண்டு ஓடுவேன். பாஸ்டர் செய்ததும் இதே வேலைதான். அப்பாயிக்கு உறை மோரில் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் அது பெருகும் என்று தெரியும். சூடான பாலில் விட்டால் செத்துவிடும் என்பதும் தெரியும். குளிர்காலத்தில் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும் என்பதும் தெரியும். பால் கெடுவதும் தயிர் உறைவதும் ஒரே சங்கதி. நாம் கூப்பிட்டு வந்தால் தயிர், கூப்பிடாமல் வந்தால் கெட்ட பால்.

1857இலேயே பாரிசுக்கு மாற்றலாகி, தான் படித்த கல்லூரிக்கே பொறுப்பாளராகப் போனார். நல்ல ஆய்வுக்கூடம்கூடக் கிடைக்கவில்லை. மாடியில் பரண் மாதிரி ஓர் அறையில் வேலை செய்தார். அன்னப் பறவையின் கழுத்து போல வளைந்த மூக்குள்ள கண்ணாடிக் குடுவையில் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து, காற்று போகலாம், தூசி உள்ளே போக முடியாது என்கிற மாதிரி வைத்த சோதனையை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். சாறு மாசக் கணக்கில் கெடவில்லை. குடுவையைச் சாய்த்து வளைவில் தங்கின தூசியைத் தொடவிட்டால் கெட்டுவிடும். 1862இல் இதற்குப் பரிசும் கிடைத்தது.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு துணுக்கு இதில் உண்டு. அதே குடுவையில் பாலை ஊற்றி 100 டிகிரியில் கொதிக்கவைத்தபோது, மற்ற சாறு கெடாமல் நின்ற இடத்தில் பால் மட்டும் கெட்டுப்போனது. பாஸ்டரின் எதிரிகளுக்குக் கொண்டாட்டமாகியிருக்க வேண்டும். அவர் அழுத்தத்தைக் கூட்டி, வெப்பத்தை 110 டிகிரிக்குக் கொண்டுபோனார். அப்புறம் பாலும் கெடவில்லை. ஏன் என்பதற்கு முழு விளக்கம் பிறகு 1870களில்தான் வந்தது. சில நுண்ணுயிர்கள் விதை போல ஒரு கெட்டி உறைக்குள் சுருண்டுகொள்ளும். கொதிக்கிற தண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. சூடு ஆறியதும் முளைத்துவிடும். காலையில் பொங்கக் காய்ச்சின பால் சாயங்காலம் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். மீதிப் பாதி, நாம் மூடாமல் வைப்பதும், போட்டு எடுக்கும் கரண்டியும்.

பாஸ்ச்சரைசேஷன் என்ற பெயர் வந்தது பாலினால் அல்ல, ஒயினால். ஏற்றுமதியாகும் ஒயின் வழியிலேயே புளித்துக் கெட்டுப் பெயரைக் கெடுத்ததால், 1863இல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். கொதிக்கவைத்தால் கிருமி சாகும்தான், ஆனால் ஒயினின் ருசி போய்விடும். அப்படியானால் ருசியும் போகாமல் கிருமியும் சாகும் சூடு எது? 50 முதல் 60 டிகிரி போதும் என்று கண்டுபிடித்தார். 1865இல் காப்புரிமை வாங்கினார், ஆனால் அதைப் பணமாக்காமல் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இங்கேதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. பாஸ்டர் தேடியது எல்லாக் கிருமியும் சாகும் சூட்டை அல்ல. கெடுதல் செய்வது சாக வேண்டும், பொருள் பொருளாக இருக்க வேண்டும். நோய்க்கிருமிகள் செத்துவிடும், ஆனால் தாக்குப்பிடிக்கும் சில உயிர்கள் உள்ளேயே இருக்கும். அவற்றைத் தூங்கவைக்கக் குளிர் வேண்டும். பாஸ்ச்சரைஸ்டு என்ற சொல்லைக் கிருமியே இல்லாதது என்று நான் படித்தது என் தவறு, அவர் தவறல்ல.

அவர் வாழ்க்கையில் இதே வருடங்களில் நடந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. ஐந்து குழந்தைகள் பிறந்தன. மூத்தவள் ழான் 1859இல், ஒன்பது வயசில், டைபாய்டில் போனாள். 1865இல் இரண்டு வயசு கமீல். 1866இல் பன்னிரண்டு வயசு செசில், அவளுக்கும் டைபாய்டு. உலகத்துக்குக் கிருமியைக் காட்டிக்கொண்டிருந்த மனிதரின் வீட்டிலேயே கிருமி மூன்று... இல்லை, உறுதியாகத் தெரிந்தவரை இரண்டு பிள்ளைகளை அப்படிக் கொண்டுபோனது. அந்தச் சமயத்தில் டைபாய்டு எதனால் வருகிறது என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், இந்தப் பக்கத்தை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

1868 அக்டோபர் 19இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. வயசு 45. பிழைப்பாரா என்றே சந்தேகப்பட்டார்கள். பிழைத்து, காலை இழுத்து இழுத்து நடந்து, இன்னும் 27 வருடம் வேலை செய்தார். அவர் பெயரை ஊரறியச் செய்த வேலைகளில் பெரும்பாதி இதற்குப் பிறகுதான். பட்டுப்புழு நோய், பீர், கோழிக் காலரா, 1881இல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி, 1885 ஜூலை 6இல் வெறிநாய் கடித்த ஒன்பது வயசு ஜோசப் மைஸ்டருக்குப் போட்ட ஊசி எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள். பாஸ்டர் டாக்டர் இல்லை. அந்த ஊசியைப் போட்டது கிராஞ்சே என்ற மருத்துவர். 1888இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அதே பெயரில் நம் குன்னூரில் 1907இல் ஒரு நிலையம் வந்தது. நாய்க்கடிக்கு ஊசி மருந்து தயாரித்த இடம் அது.

அவரைக் கடவுளாக்கிப் பேசும் புத்தகங்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய சொந்த ஆய்வுக் குறிப்பேடுகள் 1970களில்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அவற்றைப் படித்து 1995இல் ஜெரால்ட் கைசன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒரு நூல் எழுதினார். ஆந்த்ராக்ஸ் சோதனையில் போட்ட மருந்து, பாஸ்டர் ஊருக்குச் சொன்ன முறையில் செய்தது அல்ல. கூட வேலை செய்த சாம்பர்லான் செய்த வேறு முறை. மைஸ்டருக்குப் போட்ட ஊசியையும் வெளியே சொன்ன அளவுக்கு நாய்களில் சோதித்து முடித்திருக்கவில்லை. பையன் பிழைத்தான். அதனால் அவர் செய்தது சரியாகிவிடுமா? எனக்குத் தெரிந்து கிளாசில் ரீடிங்கை மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் (நானும் ஒரு தடவை), அது பெரிய மனுஷனையும் விடாத வியாதி போலிருக்கிறது. லீலில் ஒரு சொட்டு பாலை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பாஸ்டர்தான் எனக்கு உசத்தி.

பாலைச் சூடாக்கி விற்கும் தொழிலைப் பாஸ்டர் நேரடியாக ஆரம்பிக்கவில்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாட்டில் பாலைச் சூடாக்கிக் கொடுங்கள் என்று 1886இல் சொன்னவர் ஜெர்மனியின் சாக்ஸ்லெட். நியூயார்க் நகரத்தில் குழந்தைகள் கெட்ட பால் குடித்துச் சாவதைப் பார்த்து, நேதன் ஸ்ட்ராஸ் என்ற வியாபாரி 1893இல் சூடாக்கின பாலை ஏழைகளுக்குக் கொடுக்கத் தனி நிலையம் திறந்தார். 1908இல் சிகாகோ நகரம் அதைச் சட்டமாக்கியது. மாட்டுப் பாலின் வழியே காசநோய் வரும் என்ற பயம் அப்போது பெரிது. காசநோய்க் கிருமிக்கும் டைபாய்டு கிருமிக்கும் வாசனை கிடையாது; எந்த அம்மாவின் மூக்குக்கும் அது தெரியாது. ஆகவே மோந்து பார்ப்பது மட்டுமே போதும் என்று நான் சொல்ல வரவில்லை.

இப்போது நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வருவோம். பால் பண்ணையில் நடப்பது நாம் தெர்மல் லேபில் படிக்கிற பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடுகளுக்கு இடையே பால் ஒரு பக்கம், வெந்நீர் மறுபக்கம். 72 டிகிரி, 15 விநாடி. இல்லையென்றால் பழைய முறையில் 63 டிகிரி, 30 நிமிடம். வெளியே போகும் சூடான பாலே உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்கும். அதில் எரிபொருள் மிச்சம். பிறகு உடனே 4, 5 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். டெட்ரா பேக்கில் மாசக் கணக்கில் வெளியே வைக்கிற பால் வேறு. அது 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, கிருமியில்லாத உறையில் அடைத்தது. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

சரி, அந்தத் தேதி? நம் நாட்டில் 2020இல் வந்த லேபிள் விதிப்படி, தயாரித்த அல்லது அடைத்த தேதியும், யூஸ் பை என்கிற காலாவதி தேதியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் என்பது விருப்பப்பட்டால் கூடுதலாகப் போடுவது. அது ருசியும் தரமும் நன்றாக இருக்கும் காலத்தைச் சொல்வது. பால் பாக்கெட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே, இத்தனை டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று பொடி எழுத்தில் இருக்கும். நான் பெரிய எழுத்தைப் படித்தேன், பொடி எழுத்தைப் படிக்கவில்லை. பாக்கெட் பிரிக்காமல் குளிரில் இருந்தால்தான் அந்தத் தேதிக்கு உயிர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூர் 30 டிகிரி வெக்கையில் ஒரு கிருமி அரை மணிக்கு ஒரு தடவை இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மணி நேரத்தில் 10 தடவை, அதாவது 1024 மடங்கு. 10 மணி நேரத்தில் 10 லட்சம் மடங்கைத் தாண்டும். நடைமுறையில் இந்த வேகம் அப்படியே போகாது, ஆரம்பத்தில் மந்தமாக இருக்கும், ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் முதல் நாலு மணி நேரம் குளிரும் நிற்கும். நாங்கள் அன்றைக்கு எத்தனை தடவை திறந்தோமோ! 15 மணி நேரம். குளிரில் இருந்திருந்தால் ஒரு தடவை இரண்டாவதற்கே பல மணி நேரம் ஆகியிருக்கும். தேதி அச்சடிக்கிற மெஷினுக்கு விழிதியூரில் கரண்ட் போனது எப்படித் தெரியும்?

அம்மாவின் கரண்டிச் சோதனையைப் பற்றித் தேடியபோதுதான் எனக்கு மலைப்பு. பால் வாங்கும் இடத்தில் கேனுக்குக் கேன் செய்யும் சோதனைகளில் ஒன்று, டெஸ்ட் டியூபில் 5 மில்லி பாலை எடுத்துக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்துத் திரிகிறதா என்று பார்ப்பது. அதேதான்! நல்ல புதுப் பாலின் அமிலத்தன்மை, லாக்டிக் அமிலக் கணக்கில், 0.13 முதல் 0.15 சதவீதம் போல இருக்கும். 0.2 சதவீதத்தைத் தாண்டினால் நாக்குக்குப் புளிப்புத் தெரியாமலே, சூடு பட்டதும் கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரிந்துவிடும். இன்னொரு சோதனை, மெத்திலீன் புளு என்ற நீலச் சாயத்தைப் பச்சைப் பாலில் கலந்து 37 டிகிரியில் வைப்பது. கிருமி அதிகமாக இருந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். 5 மணி நேரத்துக்கு மேல் நீலம் நின்றால் அருமையான பால், அரை மணியில் வெளுத்தால் மோசம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, அதை அம்மாவுக்கும் சொன்னேன். பச்சைப் பால் கெட்டால் முதலில் புளிக்கும், ஏனென்றால் தயிர்க் கிருமிகள் முந்திக்கொள்ளும். பாஸ்ச்சரைஸ் செய்யும்போது அவை பெரும்பாலும் செத்துவிடுவதால், பாக்கெட் பால் புளிக்காமலே கெடும். கசப்பு தட்டும், ஒரு மாதிரி ஊசின வாடை வரும். அதைத் தயிராக்கிவிடலாம் என்று உறை ஊற்றக் கூடாது. மாட்டோடு முப்பது வருடம் பழகின மூக்கு இந்தப் புது வாடையைப் பழக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அம்மா, புளிச்ச வாடை இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று முகம் சுளித்தது இதைத்தான் என்று எனக்கு இப்போது புரிகிறது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அப்ப அன்னிக்கு நீ காய்ச்சியிருந்தா திரிஞ்சிருக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. திரிந்திருக்கலாம், திரியாமலும் இருந்திருக்கலாம், ஆனால் காய்ச்சியிருந்தால் அந்த ஆபத்து ஓரளவு குறைந்திருக்கும் என்று சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னாங்க.

இப்போது எங்கள் ஃபிரீசரில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி உறையவைத்து, ஐஸ் மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். கரண்ட் ரொம்ப நேரம் போனால் ஐஸ் உருகிக் காசு கீழே போகும். பிறகு கரண்ட் வந்து திரும்ப உறைந்தாலும் காசு எந்த ஆழத்தில் நிற்கிறதோ அது சாட்சி. நாம் தூங்கும்போது கரண்ட் போய் வந்தாலும் தெரிந்துவிடும். செலவு ஒரு ரூபாய், அதுவும் திரும்பக் கிடைக்கும்.

போன வாரம் விடியற்காலையில் பார்த்தபோது காசு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பாக்கெட்டில் தேதி மறுநாள் வரை இருந்தது. நான் பேசாமல் பாக்கெட்டை அம்மாவிடம் நீட்டினேன். மோந்து பார்த்தாங்க. கரண்டியில் காய்ச்சினாங்க. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்தில் பொடிப்பொடியாகத் திரிந்தது. அக்கா பையன் வந்து எனக்கு என்று கையை நீட்டினான். அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, பாலைக் கொல்லையில் தென்னை மரத்தடியில் ஊற்றினோம்.